தாத்தாவின் தூண்டிலுக்கு யார் தருவது லைசென்சு?

ஆரணியில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 66. சிறு பையனாக இருந்தபோதே தறிக்குழியில் காலை விட்டவர். ஐம்பது ஆண்டு பட்டுச் சேலை நெய்தார். இப்போது முடியவில்லை. கண் மங்கிவிட்டது. ஜரிகை இழை தெரியவில்லை. மிதியை மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. தறியில் மகன் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் சும்மா இருக்கப் பெரியவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மூங்கில் குச்சி எடுத்தார். கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை. பழைய டப்பாவில் மண்புழு. பேரனையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் போனார்.

பாவில் நூல் அறுந்தால் பார்க்காமலே முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. தூண்டில் முள்ளைக் கட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தக்கை ஆடுகிறது. பேரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். அந்த நேரம் பார்த்து, கரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது.

"பெரியவரே, யாரைக் கேட்டுத் தூண்டில் போட்டீங்க? ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கோம். எழுந்திருங்க."

"ஒரு கெண்டைக்கா தம்பி இந்தப் பேச்சு? சின்ன வயசிலேர்ந்து இங்கதானே பிடிக்கிறோம்?"

"அது அப்போ. இப்போ நாங்க பணம் கட்டியிருக்கோம்."

பெரியவர் தூண்டிலைச் சுருட்டுகிறார். சண்டை போடவில்லை. போகிற வழியில் பேரன் கேட்கிறான்:

"தாத்தா, லைசென்சு வாங்கிக்கிட்டு வந்தா விடுவாங்களா?"

நல்ல கேள்வி. அந்த லைசென்சை யாரிடம் வாங்குவது?

ஏரி யார் கையில்?

ஆரணிக்குப் பட்டுச் சேலையால் பெயர். புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. ஊரை ஒட்டி ஓடுவது கமண்டல நாக நதி. ஆறு என்றுதான் பெயர். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆகவே தண்ணீர் வேண்டும் என்றாலும் மீன் வேண்டும் என்றாலும் ஏரிதான்.

திருவண்ணாமலை மாவட்டம் ஏரி மாவட்டம். நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் ஏறக்குறைய 700 ஏரிகள். சிறிய ஏரிகள் அதற்கு மேலும் உண்டு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் நிலத்துக்குப் பாய்கிற ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. 2021-ல் இந்தத் துறை தனியாகப் பிரியும் வரை, அதைப் பொதுப்பணித் துறை பார்த்தது. அதற்குக் குறைந்த நிலத்துக்குப் பாய்வது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு.

கரை, மதகு, கலங்கல் இவற்றைப் பார்த்துக்கொள்வது ஒரு பக்கம். ஏரியில் உள்ள மீன் இன்னொரு பக்கம். மீன் பிடிக்கும் உரிமையைத் தனியாக ஏலம் விடுகிறார்கள். ஊரில் இதை "மீன்பாசி குத்தகை" என்பார்கள். ஏரிக்கு ஏரி ஏலம் விடுகிறவர் வேறுபடலாம். ஓரிடத்தில் ஊராட்சி. ஓரிடத்தில் சர்க்கார் துறை. எடுக்கிறவரும் வேறுபடுவார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும். தனி ஆளும் எடுப்பார்.

ஏலம் முடிந்தால் மீன் உரிமை குத்தகைதாரர் கைக்குப் போய்விடும். அதன் பிறகு கரையில் உட்காரும் தாத்தாவுக்கு, குத்தகைதாரரின் நல்ல மனசுதான் லைசென்சு. அவர் நல்லவராக இருந்தால், "போகட்டும் பெரியவர்" என்று விடுவார். இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் வரும்.

குத்தகைதாரர் கெட்டவரா?

இல்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஏரியில் மீன் தானாக வந்தது. மழை வெள்ளத்தோடு வரத்துக் கால்வாய் வழியே வந்தது. வற்றும்போது ஊரே இறங்கிப் பிடித்தது. அந்த மீனுக்கு யாரும் முதல் போடவில்லை.

நிலைமை மாறியது 1957-ல். அந்த ஆண்டு ஜூலை 10-ந்தேதி, ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். பெரிய கெண்டை வகை மீன்கள் குளத்தில் முட்டையிடுவதில்லை. ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போதுதான் இடும். சௌதுரி, மீனின் மூளைக்கு அடியில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து சாறு எடுத்தார். அதை வேறு மீனுக்கு ஊசி போட்டார். மீன் குளத்திலேயே முட்டையிட்டது! அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

அதற்கு முன்னால் குஞ்சு வேண்டும் என்றால் ஆற்றில் போய் வலை போட்டுப் பொறுக்க வேண்டும். அதன் பிறகு பண்ணையில் பொரித்து லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்று ஆயிற்று. கங்கை நதி மீன்களான கட்லா, ரோகு, மிர்கால் தமிழ்நாட்டு ஏரிக்கும் வந்தன. கட்லா மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் அடியில் மேயும். ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டிக்கு வராது. ஓர் ஏரியில் மூன்று அடுக்குப் பயிர்!

ஆகவே ஏரி வயல் மாதிரி ஆகிவிட்டது. குத்தகைதாரர் ஏலத்துக்குப் பணம் கட்டுகிறார். குஞ்சு வாங்கி விடுகிறார். காவலுக்கு ஆள் வைக்கிறார். மழை பொய்த்தால் எல்லாம் போச்சு. மழை கொட்டிக் கலங்கல் வழிந்தால் மீன் அடுத்த ஏரிக்குப் போய்விடும். "எல்லோரும் தூண்டிலோடு வந்தால் நான் என்ன செய்வேன்?" என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆனால் இன்னொரு விஷயம் உண்டு. மண்புழு கோத்த சின்ன முள்ளில் பெரும்பாலும் மாட்டுவது எது? ஜிலேபி. கெளுத்தி. சின்னக் கெண்டை. கரையோரத்தில் விரால். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், பண்ணையும் வேண்டாம். எந்தக் குட்டையிலும் தானாகப் பெருகும். பெருகிப் பெருகி மற்ற மீனின் தீனியையும் தின்றுவிடும் என்று வளர்ப்பவர்களே அலுத்துக்கொள்கிறார்கள்.

குத்தகைதாரர் காசு போட்டு விட்டது கட்லாவும் ரோகுவும். தாத்தாவின் முள்ளில் வருவது பெரும்பாலும் யாரும் விடாத மீன். எப்போதாவது ஒரு ரோகுக் குஞ்சு மாட்டலாம். அதை முள்ளிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டால் போயிற்று. மீனுக்கு வலிக்காமல் முள்ளை எடுக்க நெசவாளி விரலைவிட வேறு விரல் வேண்டுமா?

மலையில் லைசென்சு, சமவெளியில் ஏலம்

தூண்டிலுக்கு லைசென்சு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு டிரவுட் மீனை மலை ஓடைகளில் வளர்க்க ஆசைப்பட்டார்கள். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்தார்கள். தூண்டில் போட அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்கு வந்த துரைக்குச் சீட்டு இருந்தது. கீழே சமவெளியில் குழம்புக்கு மீன் பிடித்தவருக்கு அப்படி ஒரு சீட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அணைகளில் வேறு ஏற்பாடு. மேட்டூர் அணையில் லைசென்சு பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை போடுகிறார்கள். அது பிழைப்புக்கான லைசென்சு. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ள சாத்தனூர் அணையில் மீன்பிடிப்பு, 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. கடலுக்கு 1983-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. அங்கே லைசென்சு படகுக்கு.

எல்லா நீருக்கும் பொதுவான பழைய சட்டம் ஒன்று உண்டு. 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்து மீன் பிடிக்கக் கூடாது. தண்ணீரில் விஷம் கலந்து பிடிக்கக் கூடாது. இரண்டும் குற்றம். ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு. இது தாத்தாவுக்கும் சேர்த்துத்தான். பேரன்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஆக, வலைக்கு வழி இருக்கிறது. படகுக்கு வழி இருக்கிறது. ஏரியை மொத்தமாக எடுப்பவருக்கு வழி இருக்கிறது. ஒற்றைத் தூண்டிலோடு வரும் வயதானவருக்குத்தான் விண்ணப்பம் நீட்ட ஒரு ஜன்னல் இல்லை.

மற்ற நாட்டுத் தாத்தாக்கள்

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம். டொரன்டோ நகரம் அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே 18 வயது முதல் 64 வயது வரை உள்ளவர் தூண்டில் போட லைசென்சு வாங்க வேண்டும். 65 ஆகிவிட்டதா? வாங்க வேண்டாம். பிறந்த தேதி உள்ள சர்க்கார் அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அதுதான் லைசென்சு.

அதற்காக அள்ளிக்கொண்டு போக முடியாது. எந்த மீன் எத்தனை பிடிக்கலாம், எந்தக் காலத்தில் பிடிக்கக் கூடாது என்ற விதி தாத்தாவுக்கும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சலுகை கனடாவில் குடியிருப்பவருக்குத்தான். மகனைப் பார்க்க ஊரிலிருந்து விமானம் ஏறிப் போன அப்பாவுக்கு இல்லை. அவர் வெளிநாட்டவருக்கான லைசென்சு எடுக்க வேண்டும். "எனக்கு எழுபது வயசு" என்று சொன்னால் அதிகாரி கேட்கமாட்டார்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வழக்கம். பிளோரிடாவில் 65 வயதான உள்ளூர்வாசிக்கு லைசென்சு வேண்டாம். நியூயார்க்கில் 25 டாலர் கட்டணம், 70 வயதானவருக்கு 5 டாலராகக் குறைகிறது. கலிபோர்னியாவில் வயது மட்டும் போதாது. 65 வயதோடு, உதவித்தொகை வாங்கும் ஏழையாகவும் இருந்தால்தான் கட்டணம் குறையும். டெக்சாசில் 1931 ஜனவரி 1-ந்தேதிக்கு முன்னால் பிறந்தவருக்கு லைசென்சே வேண்டாம் என்று விதி. அவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. தூண்டிலைப் பிடிக்க அவருக்கே ஓர் ஆள் வேண்டும்! ஆனால் 65 ஆன மற்றவர்களுக்கும் அங்கே குறைந்த கட்டணம் உண்டு.

ஐந்து டாலர் எதற்கு? சும்மாவே விட்டுவிடக் கூடாதா? அதற்கும் காரணம் இருக்கிறது. 1950-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். தூண்டில் சாமான்கள் மீது வரி. அந்த வரிப் பணத்தை மீன் வளர்ப்பதற்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிரிக்கும் கணக்கில் நூற்றுக்கு 60 பங்கு, பணம் கட்டி லைசென்சு வாங்கியவர்களின் தலைக்கணக்கைப் பார்த்து. மீதி 40 பங்கு, நிலம், நீர் இவற்றின் பரப்பைப் பார்த்து. ஆகவே சும்மா பிடிக்கும் தாத்தா கணக்கில் வரமாட்டார். சிறு தொகை கட்டிய தாத்தா கணக்கில் வருவார். அவர் கட்டும் ஐந்து டாலர் ஏரிக்கு மேலும் பணம் கொண்டுவருகிறது.

இங்கிலாந்தில் 13 வயதுக்கு மேற்பட்டவர் எல்லோருக்கும் தூண்டில் லைசென்சு வேண்டும். முதியவருக்குக் கட்டணம் குறைவு. அந்தப் பணத்தில் ஆறு, ஏரிகளின் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் லைசென்சு கையில் இருக்கிறதே என்று யாருடைய குளத்திலும் போய் உட்கார முடியாது. குளத்துக்கு உடையவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அதாவது அங்கே இரண்டு அனுமதி. ஒன்று சர்க்காருடையது. மற்றது உடையவருடையது.

ஆரணிப் பக்கத்து ஏரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டாவது அனுமதி மட்டும் இருக்கிறது. முதல் அனுமதி இல்லை. லைசென்சு இருக்கும் ஊரில்தான் "வயதுக்குச் சலுகை கொடு" என்று கேட்க முடியும். லைசென்சே இல்லாத இடத்தில் சலுகையை யாரிடம் கேட்பது?

வயதுக்கு மரியாதை புதிதா?

நம் நாட்டில் வயதைப் பார்த்துச் சலுகை தருவது நடக்காத காரியம் அல்ல. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயது ஆனவர் மூத்த குடிமகன் என்று அது சொல்கிறது. சென்னையில் 2016 முதல் 60 வயதானவர்கள் மாநகரப் பஸ்ஸில் மாதம் பத்து முறை டிக்கெட் இல்லாமல் போகலாம் என்று சர்க்கார் டோக்கன் கொடுக்கத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத்தில் நெய்த கைத்தறி நெசவாளிக்கு 60 வயதில் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பொதுவான முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆயிற்று.

கொடுத்ததைத் திரும்ப எடுத்ததும் உண்டு. ரயிலில் ஆண்களுக்கு 60 வயதில் நூற்றுக்கு 40-ம், பெண்களுக்கு 58 வயதில் நூற்றுக்கு 50-ம் கட்டணம் குறைத்திருந்தார்கள். கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். காசி போக நினைத்திருந்த பல தம்பதிகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பரண்மேல் வைத்தார்கள். சலுகை என்று கொடுத்ததை ஒரு நாளில் நிறுத்திவிடலாம். விதியில் எழுதியிருந்தால் நிறுத்துவதற்கு முன்னால் பத்து பேர் யோசிப்பார்கள்.

ஓர் ஏரித் தூண்டிலுக்கு ஆகும் செலவு என்ன? ரயிலுக்கு ஆகிற மாதிரி கோடிக் கணக்கில் ஒன்றும் இல்லை.

குத்தகைச் சீட்டில் ஒரு வரி

ஆகவே கேட்க வேண்டியது பெரிய சட்டம் அல்ல. குத்தகை நிபந்தனையில் ஒரு வரி.

ஏரியை ஏலம் விடும்போதே நிபந்தனைகளை எழுதி வாசிக்கிறார்கள். அதில் இதையும் சேர்க்கட்டும். அந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் உள்ள, 60 வயது நிறைந்த ஆணோ பெண்ணோ, ஊராட்சி கொடுக்கும் சீட்டோடு வந்தால், ஒரு தூண்டில், ஒரு முள் போட்டு, வீட்டுச் சமையலுக்கு மட்டும் மீன் பிடிக்கலாம். விற்கக் கூடாது. குத்தகைதாரர் விட்ட வளர்ப்பு மீன் மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். குஞ்சு விட்ட புதிதில் சில வாரங்கள் யாரும் தூண்டில் போடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்தாலும் சரி.

சீட்டுக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் வாங்கலாம். சும்மா கொடுக்க வேண்டாம். சும்மா கொடுத்தால், "போனால் போகட்டும்" என்று விட்டதாகத்தான் காவலாளி நினைப்பார். பத்து ரூபாய் ரசீது இருந்தால் பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த நியூயார்க் தாத்தாவின் ஐந்து டாலர் மாதிரி.

இதைச் சொன்னதும் சில தடைகள் வரும்.

ஏலத் தொகை குறைந்துவிடும் என்று ஊராட்சியில் சொல்லலாம். மீன் குத்தகை ஊராட்சிக்கு ஒரு வருமானம். அதில் தெருவிளக்கு எரியும். ஆனால் வலை போட்டு வாரும் ஏரியில் சில பெரியவர்களின் தூண்டில் எத்தனை மீனைக் குறைத்துவிடும்? ஏலம் கேட்கிறவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். பிறகு வந்து தகராறு செய்ய இடம் இல்லை. இப்போது நடப்பது அதற்கு நேர் எதிர். எழுத்தில் ஒன்றும் இல்லை. கரையில் தினமும் வாய்ச் சண்டை.

தாத்தா பெயரில் வாலிபர்கள் வருவார்கள் என்பது அடுத்த தடை. வரத்தான் செய்வார்கள். சீட்டில் படம் ஒட்டுவது அதற்குத்தான். ஒரு தூண்டிலுக்கு மேல் இருந்தால் சீட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். பேரன் கூட வரலாம், மண்புழு கோக்கலாம். இரண்டாவது தூண்டில் மட்டும் கூடாது.

மூன்றாவது தடைதான் உண்மையில் பெரியது. வயதானவர் வழுக்கித் தண்ணீரில் விழுந்தால்? ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. மதகுக்குப் பக்கத்தில் ஆழம் அதிகம், இழுப்பும் உண்டு. கலங்கல் வழியும்போது அதன்மேல் நிற்பது உயிருக்கு ஆபத்து. மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. ஆகவே கரையில் ஓர் இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். நிழல் மரம் உள்ள, சரிவு குறைந்த இடம். நாலு கல்லைப் போட்டு உட்காரத் திட்டு கட்டினால் இன்னும் நல்லது. தனியாகப் போகக் கூடாது. இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டும். கரையில் பாம்பும் உண்டு என்பதைக் கிராமத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. டவுன்வாசிகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாட்டிமார்களை மறந்துவிட வேண்டாம். பட்டுத் தறியில் பாதி வேலை பெண்களுடையது. நூல் சுற்றியது அவர்கள். தார் போட்டது அவர்கள். பாவு தோய்க்கும்போது தெருவில் ஒரு முனையைப் பிடித்தது அவர்கள். தூண்டில் ஆண்களின் வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போதே செய்யக் கூடியது

விதி வரும் வரை காத்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றைச் செய்யலாம்.

ஏரிக்குப் போகும் முன் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மீன் குத்தகை யார் பெயரில் இருக்கிறது? எப்போது முடிகிறது? குத்தகை இல்லாத ஏரியும் இருக்கலாம். அப்படியானால் ஊராட்சியிடமே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம். குத்தகை இருந்தால் குத்தகைதாரரை நேரில் பாருங்கள். கரையில் பிடிபட்ட பிறகு பேசுவதைவிட, முன்னால் போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வாய்ப்பேச்சில் விவரம் கிடைக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் குத்தகை நிபந்தனைகளின் நகலைப் பெறலாம். பிரதி எடுக்கும் செலவு தனி.

பல ஊர்களில் குத்தகை பசலிக் கணக்குப்படி நடக்கிறது. பசலி ஆண்டு ஜூலை 1-ந்தேதி பிறக்கும். ஜூனில் முடியும். ஏலம் போன பிறகு நிபந்தனையை மாற்ற முடியாது. ஆகவே அதற்கு முன் வரும் கிராம சபைதான் சரியான நேரம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட்டும் ஏற்பாடு 2022-ல் வந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் எது? அன்று முடியாவிட்டால் மே 1 இருக்கிறது.

தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற நெசவு ஊர்களில் இருப்பவர்கள் கிராம சபைக்கே போகலாம். ஆரணி நகருக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. நகராட்சி எல்லைக்குள் உள்ள நீர்நிலை என்றால் நகராட்சி ஆணையருக்கு மனு கொடுக்க வேண்டும். பக்கத்து ஊர் ஏரி என்றால் அந்த ஊராட்சித் தலைவருக்கு அனுப்பலாம்.

மனு எழுத வக்கீல் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பேரனோ பேத்தியோ எழுதினால் போதும். தாத்தா கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து வராவிட்டால் கைநாட்டு வைக்கட்டும். இப்படி எழுதலாம்:

"ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் இந்த வட்டாரத்தில் பட்டு நெசவு செய்து ஓய்ந்தவர்கள். எங்களுக்கு 60 வயது நிறைந்துவிட்டது. நம் ஏரியின் மீன் குத்தகை அடுத்த முறை ஏலம் வரும்போது, 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சீட்டுப் பெற்று, ஒரு தூண்டில் மட்டும் போட்டு, வீட்டுக்கு மீன் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சீட்டுக்குரிய கட்டணத்தைக் கட்டத் தயாராக இருக்கிறோம். வளர்ப்பு மீனைத் திரும்ப விட்டுவிடுவோம். வலை போட மாட்டோம், விற்க மாட்டோம். இதைக் கிராம சபையில் தீர்மானமாக வைத்து, நகல் ஒன்று எங்களுக்குத் தர வேண்டும்."

கீழே பெயர், வயது, கையெழுத்து. பத்து பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது. கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.